பூஜ்யம் முதல் அறுபது வரை

சுங்கை டுவா, பினாங்கு
3 ஜூன் 1985

மதிப்பிற்குரிய குலசேகரம் அண்ணனுக்கு,

புஷ்பராணி எழுதுகிறேன். உறையின் பின்பக்கம் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்திருந்தால் நன்றி. உங்கள் முகவரியை ஸ்டோர் ஜபருல்லா அண்ணனிடம் மூன்று முறை கேட்டுத்தான் வாங்கினேன். நான்காவது முறை கேட்டிருந்தால் அடித்திருப்பார்.

நீங்கள் தொழிற்சாலையை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. ஆட்கள் கணக்குப் பார்க்கும் பெர்சனல் ஆபீஸில் உங்கள் கம்ப்யூட்டர் மார்ச் வரை துணி போட்டு மூடியே கிடந்தது. பிறகு மேனேஜர் கார்த்திகேசு சார் என்னைக் கூப்பிட்டு, "டைப் அடிக்கிற விரல்தானே, இதையும் அடிம்மா" என்று அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டார். பினாங்கு ரோட்டில் ஒரு மாடியில் ஆறு வாரம் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தேன். அதோடு வகுப்பு முடிந்தது.

நானூறு ஆபரேட்டர்களின் பெயரையும் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்க வேண்டும். நான் எழுதியது முதல் பெயரை மட்டும் அடிக்கிறது. அமினா, அமினா, அமினா. தாள் ஒரு பெட்டி தீரும்வரை அமினா. எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் பிளக்கைப் பிடுங்கினேன். ஆபீஸே சிரித்தது.

ப்ரோக்ராமை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தவர்களில் இது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

புஷ்பராணி

---

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
10 ஜூன் 1985

புஷ்பராணி,

கிழிக்கத்தான் எடுத்தேன். உள்ளே ப்ரோக்ராம் இருப்பது தெரிந்ததும் சிரிக்கலாமே என்று வைத்துக்கொண்டேன். ஏமாற்றவில்லை நீ.

N என்ற பெட்டியில் 1 போட்டாய். N-ஆவது ஆளின் பெயரை அடி என்றாய். மறுபடி மேலே போ என்றாய். நல்லது. அந்த N-ஐ யார் கூட்டுவது? கார்த்திகேசு வந்து கூட்டுவாரா? திரும்பப் போகுமுன் N = N + 1 என்று ஒரு வரி போடு. அது இல்லாததால்தான் பாவம் அமினா.

இன்னொன்று, எங்கே நிற்பது என்று நீ சொல்லவேயில்லை. N நானூறைத் தாண்டினால் நில் என்று எழுது. இயந்திரத்துக்கு வெட்கம் கிடையாது, தானாக நிற்காது. அந்த விஷயத்தில் உன் ஜாதிதான்.

போன வருடம் நவம்பரில் ஒருநாள் ஃபெரி தாமதம். நான் பாகான் டாலாமிலிருந்து வந்து சேர்வதற்குள் ஜபருல்லா என் வருகை அட்டையைப் பஞ்ச் பண்ணிவிட்டான். அது மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, அவனுக்கு, பக்கத்து மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்த உனக்கு. மறுநாள் கார்த்திகேசு என்னைக் கூப்பிட்டு ராஜினாமா எழுதச் சொன்னார்.

நாற்காலி சுகமாக இருக்கிறதா?

குலசேகரம்

---

சுங்கை டுவா
17 ஜூன் 1985

குலசேகரம் அண்ணனுக்கு,

அந்த ஒரு வரியைப் போட்டேன். நானூறு பெயரும் வந்தன. கடைசிப் பெயர் அடித்துவிட்டு அது தானாக நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றி.

அட்டை விஷயம் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

இப்போது வேறொரு சிக்கல். ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் புள்ளி போடச் சொல்கிறார்கள். எம்.சி. எடுத்து மருத்துவ விடுப்பில் போனால் இத்தனை, தாமதமாக வந்தால் இத்தனை, செய்த எலெக்ட்ரானிக் சிப்பு பழுதாகித் திரும்பினால் இத்தனை. பன்னிரண்டு மாதத்தையும் கூட்டினால் டிசம்பர் மாதப் புள்ளி மட்டும்தான் மொத்தமாக வருகிறது. மற்ற பதினொன்றும் எங்கே போகிறதென்று தெரியவில்லை.

இது எதற்கென்று உங்களிடம் சொல்லக்கூடாது. ஆனால் சொல்லாமல் கேட்பதும் சரியில்லை. ஆர்டர் இல்லை, ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள். அறுபது பேர். "மனுஷன் பொறுக்கினா பகை புஷ்பா, மெஷினே பொறுக்கட்டும்லா" என்றார் சார். அதிகப் புள்ளி வாங்கிய அறுபது பேருக்கு ஜூலை 15ஆம் தேதி கடிதம்.

நானும் மூன்றாம் லைன் நவமணியும் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறோம். சிம்பாங் அம்பாட் நவமணி, உங்களுக்குத் தெரியும், தீபாவளி முறுக்கை டின்னோடு வாங்கித் தின்றிருக்கிறீர்கள். "என்ன புஷ்பா, சோறு திங்கறப்பகூட நம்பர் நம்பரா முணுமுணுக்குற?" என்கிறாள். அவளிடம் என்ன சொல்வேன்.

புஷ்பராணி

---

கோலாலம்பூர்
24 ஜூன் 1985

புஷ்பராணி,

மொத்தம் = 0 என்ற வரியை மாதங்கள் சுற்றும் சுற்றுக்கு உள்ளேயே வைத்திருக்கிறாய். ஒவ்வொரு மாதமும் உள்ளே நுழையும்போது அதுவரை சேர்ந்ததைக் கொட்டிவிடுகிறது. ஒரு படி அரிசி அளந்து சாக்கில் போட்டுவிட்டு, அடுத்த படிக்கு முன் சாக்கைக் கவிழ்க்கும் பெண்ணை நீ பார்த்ததுண்டா? கண்ணாடியில் பார். ஒவ்வொரு ஆளுக்கும் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை பூஜ்யமாக்கு. மாதங்களின் சுற்றுக்கு வெளியே.

விருப்பமில்லை என்றாயே, அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. "நான்தான் சொன்னேன்" என்று உன் கையால் எழுதி அனுப்பு. அது வரும்வரை அடுத்த பிழையை உன் சாரே திருத்தட்டும்.

குலசேகரம்

---

சுங்கை டுவா
4 ஜூலை 1985

குலசேகரம் அண்ணனுக்கு,

நான்தான் சொன்னேன்.

பதினெட்டு மாதம் நீங்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் டைப்ரைட்டர்" என்றீர்கள். எனக்கும் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுங்களேன் என்று ஒருநாள் கேட்டேன். "டைப்ரைட்டருக்கு எதுக்கு கம்ப்யூட்டர்? ரிப்பனை மாத்திட்டு ஒழுங்கா இரு" என்றீர்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். அடுத்த வாரம்தான் அந்த அட்டை. சார் அறைக்கு நானாகத்தான் போனேன். வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், ஜபருல்லா அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்ததற்காக வருத்தப்படுகிறேன்.

கேட்டதை எழுதிவிட்டேன். இப்போது என் முறை.

கடைசி ப்ரோக்ராம் இத்துடன் இருக்கிறது. அதிகப் புள்ளிக்காரர் முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, முதல் அறுபது பேருக்கு நேராகக் கடிதமே அடித்துவிடும். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்று வகுப்பில் சொன்னார்கள். அதனால் முதல் ஆளைப் பூஜ்யத்தில் வைத்து, FOR K = 0 TO 60 என்று போட்டிருக்கிறேன். சரிதானா? ஓடுகிறது, தானாக நிற்கிறது. ஆனாலும் பயமாக இருக்கிறது. இது பெயர்ப் பட்டியல் இல்லை அண்ணே, ஆட்கள்.

15ஆம் தேதி காலையில் அடிக்க வேண்டும். அதற்குள் ஒரு வரி. சரி என்றோ தப்பு என்றோ. கெஞ்சிக் கேட்கிறேன்.

புஷ்பராணி

---

கோலாலம்பூர்
18 ஜூலை 1985

புஷ்பராணி,

உன் கடிதம் 8ஆம் தேதியே வந்தது. பிழையைக் கண்டுபிடிக்க ஒரு கோப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. பதில் எழுதி, உறை ஒட்டி, தபால்தலையும் ஒட்டினேன். போடவில்லை. பத்து நாள் மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

விரலை மடக்கு. பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று வரைக்கும்தான் எண்ணினாய். எத்தனை விரல் மடங்கியிருக்கிறது? நான்கு. பூஜ்யத்தில் தொடங்கினால் ஐம்பத்தொன்பதில் நிறுத்த வேண்டும். நீ அறுபதில் நிறுத்தினாய். அறுபத்தொரு கடிதம் வந்திருக்கும். கற்றுக்குட்டிகள் எல்லாரும் முதல் மாதத்தில் செய்யும் தப்பு. எல்லாரும் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார்கள்.

யாராவது எண்ணியிருப்பார்கள். கார்த்திகேசு கட்டைத் தூக்கி உன் முகத்தில் விட்டெறிந்திருப்பார். "டைப்ரைட்டரே பரவாயில்ல" என்றும் சொல்லியிருப்பார். அதைக் கேட்க நான் அங்கே இல்லை என்பதுதான் என் ஒரே குறை.

குலசேகரம்

---

சுங்கை டுவா
24 ஜூலை 1985

யாரும் எண்ணவில்லை.

காலை ஒன்பது மணிக்கு அடிக்கத் தொடங்கினேன். சார் கட்டைக் கையில் வாங்கி, மூலையை மட்டும் புரட்டிப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார். முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற வேகம் அது. உறை அறுபது வாங்கியிருந்தோம். ஒன்று குறைந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்து, என் மேசை டிராயரிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்து அதில் போட்டேன். கடைசியாக வந்த கடிதம். நவமணி த/பெ நல்லமுத்து.

பெயரைப் பார்த்த பிறகு எனக்கு எதையும் எண்ணத் தோன்றவில்லை. பதினொரு வருடம் மைக்ராஸ்கோப்பில் தலைமுடியைவிட மெல்லிய கம்பியைப் பார்த்துப் பார்த்து அவள் கண் போன வருடம் வீங்கிவிட்டது. பத்தொன்பது நாள் எம்.சி. அந்தப் புள்ளிதான் இங்கே கொண்டுவந்தது, என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலு மணிக்கு கேன்டீனில் வைத்துக் கொடுத்தார்கள். பெயர் கூப்பிடும் வேலை எனக்கு. கடைசியாக அவள் பெயர். எழுந்து வரும்போது சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். பிரித்துப் படித்துவிட்டு மடித்தாள். "கண்ணு போச்சுலா புஷ்பா. எனக்கே தெரியும். போன மாசம் நாலு பீஸ் திரும்பி வந்துச்சு. நான்தான் சரியில்ல" என்றாள். என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். எனக்கு ஆறுதல் சொன்னாள்.

உங்கள் கடிதம் 20ஆம் தேதி வந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். தபால்காரரிடம் வாங்கியவள் நவமணி. "கேஎல்லேர்ந்து லெட்டர் வந்துகிட்டே இருக்கே, என்ன, கல்யாணமா?" என்று சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்தாள். அவள் எதிரில் நின்றுதான் படித்தேன். "நல்ல சேதியா?" என்று கேட்டாள்.

பத்து நாள் மேசை மேல் வைத்துப் பார்த்தீர்கள் இல்லையா.

---

கோலாலம்பூர்
29 ஜூலை 1985

புஷ்பா,

எண்ணுவார்கள் என்று நினைத்தேன். அறுபது பேர் பிழைப்பு, ஒருவராவது எண்ணுவார் என்றுதான் நினைத்தேன்.

உடனே கார்த்திகேசுவிடம் போ. அறுபதுதானே மேலிடம் சொன்னது, ஒருத்தியைத் திருப்பி எடுப்பதில் அவருக்கு என்ன கஷ்டம்? உன் வேலைக்குப் பயமாக இருந்தால் பழியை என் மேல் போடு. குலசேகரம் தப்பாகச் சொல்லிக் கொடுத்தான் என்று சொல். எனக்கு அங்கே இழக்க ஒன்றுமில்லை.

நவமணியிடமும் சொல்லிவிடு. வேலை போனது வேறு. தன்னால்தான் போனது என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பது வேறு.

குலா

---

சுங்கை டுவா
16 ஆகஸ்ட் 1985

குலா அண்ணனுக்கு,

போனேன். எட்டு நாள் கழித்துப் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சார் கதவைச் சாத்தச் சொன்னார். பாதி கேட்டதுமே கையைக் காட்டி நிறுத்தினார். "அறுபத்தொண்ணு இருந்துட்டுப் போகட்டும்லா. ஒருத்தியத் திருப்பி எடுத்தா நாளைக்கு மத்த அறுபதும் கேட்டுல வந்து நிக்கும். எங்க பேரும் மெஷின் தப்பா அடிச்சதான்னு கேக்கும். மெஷின் தப்பே பண்ணாதுன்னு யார் சொன்னது? நாமதானே?" என்றார். பிறகு, "வேற யாருக்கும்மா தெரியும்?" என்றார். யாருக்கும் தெரியாது என்றேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

மறுநாள் என் வேலையை நிரந்தரமாக்கிய கடிதம் வந்தது. கதவில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள். ப்ரோக்ராமர் என்று. அதைப் பார்க்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

நவமணி போன சனிக்கிழமை ஊருக்குப் போய்விட்டாள். அவள் அண்ணன் ஃபெரியில் வேனைக் கொண்டுவந்து சாமான்களோடு ஏற்றிக்கொண்டு போனார். குலிமிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடு பார்த்துப் பேசி வைத்திருந்தது. கம்பெனியே வேண்டாமென்று தள்ளிய பெண், கண்ணும் சரியில்லை என்று விட்டுவிட்டார்களாம். அவள் அண்ணி வேனுக்குப் பக்கத்தில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, "இனிமே எங்க தலையிலதான்" என்றாள். நவமணி தலையணையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? வேலை திரும்பாது. என்னை வெறுப்பதுதான் மிச்சம். அவளுக்கு இருக்கும் ஒரே சிநேகிதி நான்தான்.

புஷ்பராணி

---

கோலாலம்பூர்
9 செப்டம்பர் 1985

புஷ்பராணி,

நேற்று சிம்பாங் அம்பாட் போய் வந்தேன். இரண்டு பஸ் மாறி, சந்தையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன்.

அண்ணன் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, கேஎல்லுல சௌக்கியமா?" என்று எழுந்து, கோப்பி போட்டுக் கொண்டுவந்தாள். குடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பூஜ்யம், அறுபது, நான் மேசை மேல் வைத்திருந்த பத்து நாள், எல்லாம். புரிகிறதா என்று கேட்டேன். "ஒண்ணு கூடிப் போச்சு. அந்த ஒண்ணு நான். இதுல புரியாம என்ன இருக்கு?" என்றாள்.

தைத்த சட்டையை மடித்து வைத்துவிட்டு, "அப்போ என் வேலைல குறை இல்லையா?" என்றாள். அறுபது பேரில் நீ இல்லை என்றேன்.

"புஷ்பாவுக்கு இது எப்பத் தெரியும்?"

ஜூலை இருபது என்றேன். உள்ளே போனாள். சின்ன அட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்து, நான்கு புட்டி. "வாராவாரம் அனுப்புறா. கூடவே ஒரு சீட்டு, கண்ணைப் பத்திரமாப் பாத்துக்க, எல்லாம் சரியாயிடும்னு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. என்னால்தான் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

நீ என்னைவிடக் கெட்டிக்காரி. எனக்குப் பத்து நாள் சும்மா இருக்கத்தான் தெரிந்தது.

உன் ஜூலை 4ஆம் தேதிக் கடிதத்தையும் ப்ரோக்ராம் தாளையும் மற்ற கடிதங்களையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். தொழிலாளர் இலாகாவில் மனுக் கொடுக்கிறாள். உன்னைக் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு உண்மை சொல். அது போதும்.

குலசேகரம்

---

சுங்கை டுவா
6 அக்டோபர் 1985

குலசேகரம் அண்ணனுக்கு,

விசாரணை போன வெள்ளிக்கிழமைக்கு முந்தைய வெள்ளி நடந்தது. நீங்கள் வருவீர்கள் என்று நவமணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. லீவு கேட்டீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை.

ஒரு மேசை, ஆறு நாற்காலி. என் பக்கத்தில் கார்த்திகேசு சார். எதிரில் நவமணி, கல்யாணத்துக்குக் கட்டுகிற நீலப் புடவையில். அதிகாரி ப்ரோக்ராம் தாளை என் முன்னால் தள்ளி, இதை எழுதியது யார் என்று மலாயில் கேட்டார். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார். சார் என் பக்கம் திரும்பவே இல்லை. நான், "முன்னால் இருந்த குலசேகரம். கோபத்தில் வேலையை விட்டுப் போனவர்" என்றேன். பழியை என் மேல் போடு என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். போட்டேன்.

நவமணியின் கைப்பை அவள் மடியில் இருந்தது. அதற்குள் என் கடிதங்கள் எல்லாம் இருந்தன, என் கையெழுத்தில், தேதியோடு. அவள் எடுத்து மேசையில் போட்டிருந்தால் அன்றைக்கே என் பெயர்ப்பலகையைக் கழற்றியிருப்பார்கள். எடுக்கவில்லை. இரண்டு கையாலும் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு ஏதாவது ஆதாரம் உண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். எத்தனை பேரைக் குறைப்பது என்பது நிறுவனத்தின் முடிவு, அறுபத்தொன்று என்று நிறுவனம் சொன்னால் அறுபத்தொன்றுதான் என்று எழுதி முடித்துவிட்டார்.

கொம்தார் கட்டடத்துக்குக் கீழே பஸ்ஸுக்குச் சேர்ந்துதான் நின்றோம். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "எனக்கும் வேலை இல்லாம உனக்கும் இல்லாம எதுக்கு?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், மீன் விலை சொல்கிற மாதிரி.

பட்டர்வொர்த் போகிற பஸ் வந்தபோது என் கையைப் பிடித்தாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு செய் புஷ்பா. நவமணி வேலைல குறை இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடு. கம்பெனி சீல்லாம் வேணாம், உன் கையெழுத்து போதும். அண்ணிகிட்ட காட்டணும், அவ்ளோதான். தினம் சோறு போடறப்ப சொல்லிக் காட்டுறா" என்றாள். தபாலில் அனுப்புகிறேன் என்றேன். சரியென்று ஏறிக்கொண்டாள். பஸ் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது நாள் ஆகிவிட்டது. தாளை எடுத்து வைப்பதும் தேதி போடுவதுமாக இருக்கிறேன். அந்த ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால், அவள் பெயர் தப்பாக வந்தது எனக்குத் தெரியும் என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். நாளைக்கே அவள் அண்ணன் அதை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தால்? அண்ணி சும்மா இருப்பாளா? எல்லாவற்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு எழுத மூன்று பக்கம் வந்தது. அவளுக்கு ஒரு வரி வரவில்லை.

நான் எழுத மாட்டேன் என்று இப்போது தெரிந்துவிட்டது. அவள் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள். நீங்களே ஒருமுறை போய்ச் சொல்லிவிடுங்கள். போய்ச் சொல்வது உங்களுக்கு வரும்.

புஷ்பராணி